கைச்செலவுப் பணமும் கைக்கெட்டும் பானமும்

கொல்கத்தாவின் நியூ டவுன் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். ஈக்கோ பார்க்கைச் சுற்றிலும், வணிக வளாகங்களின் உணவுத் தளங்களிலும் உண்பதற்குப் பஞ்சமில்லை. புச்கா, முட்டை ரோல், சௌமின், குளிர்பானம் எனப் பதினான்கு வயதுப் பிள்ளை தானே வாங்கக்கூடியவை ஏராளம். பணி மாறுதலால் இங்குக் குடியேறி, பெற்றோர் இருவரும் அலுவலகம் செல்லும் தமிழ்க் குடும்பங்களில், மாலைச் சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல நாள்களில் பிள்ளையிடமே வந்துசேர்கிறது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. சர்க்கரை அளவை மாணவருக்கு விளக்கும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. எனினும், 51ஆவது மீட்டரில் முடிவெடுப்பவர் பிள்ளைதான்.

ஆகவே, அவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சர்க்கரை போன்றவற்றை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 250 மில்லிலிட்டர் புட்டி ஒன்றே அந்த 25 கிராமைத் தீர்த்துவிடும். காஃபீன் சேர்த்த ஊக்க பானங்களிலோ, 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை' என்ற எச்சரிக்கையை அச்சிடுவது கட்டாயம். புட்டியைத் திருப்பி, சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துவோம்.

அறிவுரை மட்டும் பலன் தருவதில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு மாணவரிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. உடல்நலப் பாடம் கேட்டவர்களைவிட, உணவு நிறுவனங்கள் தங்களை எவ்வாறு வலையில் வீழ்த்துகின்றன என்று அறிந்தவர்களே சர்க்கரைப் பண்டங்களைக் குறைவாகத் தேர்ந்தெடுத்தனர். பிறர் தம்மை ஆட்டுவிப்பதை வளரிளம் பருவத்தினர் விரும்புவதில்லை. "குடிக்காதே" என்பதைக் காட்டிலும், "இந்த விளம்பரம் உன்னிடம் எதை விற்கப் பார்க்கிறது?" என்னும் கேள்வி பயனளிக்கும்.

இவ்விடத்தில் வங்கியும் உதவக்கூடும். பத்து வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று பாரத ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவுபடுத்துகிறது. வரம்புகளை ஒவ்வொரு வங்கியும் வகுக்கும். கைச்செலவுப் பணத்தை மாதம் ஒருமுறை அக்கணக்கில் செலுத்தி, மாத இறுதியில் கணக்கு அறிக்கையைப் பிள்ளையே வாசிக்கட்டும். பள்ளி நாள்கள் இருபதிலும் 40 ரூபாய்க்குக் குளிர்பானம் வாங்கினால் மாதம் 800 ரூபாய். பத்து மாதத்தில் 8,000 ரூபாய். சர்க்கரை சேர்த்த காற்றூட்டிய பானங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு. எனவே, அந்த 40 ரூபாயில் 11 ரூபாய்க்கு மேல் வரியே. இத்தொகையைக் கணக்கிட்டுப் பார்க்கும் பிள்ளைக்குத் தனியே உபதேசம் தேவைப்படாது. ஆனால், அறிக்கையைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடக் கூடாது. அவ்வாறு செய்தால் அடுத்த மாதம் செலவு ரொக்கத்துக்கு மாறும், உரையாடலும் நின்றுபோகும்.

மாற்று கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும் இன்றியமையாதது. வங்காளத்தின் 'டாப்' நம் இளநீரேயன்றி வேறன்று. பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, வீட்டில் மோர், சுண்டல், வறுத்த கடலை, வாழைப்பழம் ஆகியவை இருந்தால் மாலைப் பசி கடையைத் தேடாது. துர்கா பூஜை நாள்களில் நண்பர்களோடு உண்ணும் ரோலுக்குத் தடை வேண்டியதில்லை. விழா நாளின் விருந்து அன்றாட வழக்கமாகாமல் காப்பதே நம் நோக்கம்.

வரவறிந்து செலவு செய்யக் கற்பிக்கும் நாம், அளவறிந்து உண்ணவும் அதே வயதில் கற்பிப்போம். இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே.