நுவார்க் என்றால் ஏர்போர்ட் மட்டும்தானா?

எடிசன், சோமர்செட், பிளெயின்ஸ்போரோ பக்கம் இருக்கும் நம்ம ஆட்களிடம் "நுவார்க் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாம என்ன, போன மாசம்தான் அம்மாவை ஏர்போர்ட்ல இறக்கிவிட்டேன்" என்பார்கள். ஊருக்குள் போனதுண்டா என்று அடுத்த கேள்வி கேட்டால், "அய்யய்யோ, அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்க பாஸ்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். பத்து வருடமாக நியூ ஜெர்சியில் கோடு எழுதிப் பிழைக்கும் நானும் இந்த அறிவுரையைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த ஊரில்தான் 1924இல் சாரா வான் பிறந்தார். ஜாஸ் உலகின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருவர். 1933இல் சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டர் பிறந்ததும் அங்கேதான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நுவார்க் வளாகத்தில் உள்ள ஜாஸ் ஆய்வு நிறுவனம், உலகின் மிகப் பெரிய ஜாஸ் ஆவணக் காப்பகங்களில் ஒன்று. காரில் 88.3 எஃப்.எம். வைத்தால் கேட்கும் டபிள்யூ.பி.ஜி.ஓ. ஜாஸ் வானொலியும் நுவார்க்கிலிருந்துதான் வருகிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் நாம் தாண்டிப் போகும் ரெட் பேங்க், கவுன்ட் பேசி பிறந்த ஊர். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் பதிவானது எங்கிள்வுட் கிளிஃப்ஸில். நாம் வீடு தேடி, ஸ்கூல் ரேட்டிங் பார்த்து அலையும் அதே நியூ ஜெர்சிதான் இது.

தடை செய்யப்பட்ட மேளம்

ஜாஸ் தொடங்கிய இடம் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காங்கோ சதுக்கத்தில் கூடி, மேளம் அடித்து ஆடிப் பாடினார்கள். ஆனால் எல்லா ஊரிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ச்சி செய்தார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மேளச் சத்தம் ஆட்களைத் திரட்டும் என்ற பயம்தான் காரணம்.

மேளத்தைப் பிடுங்கியவர்களால் தாளத்தைப் பிடுங்க முடியவில்லை. கைதட்டலிலும் கால்தட்டலிலும், வயல் பாட்டிலும், தேவாலயப் பாட்டிலும் அது உயிரோடு இருந்தது. ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடும். நம்ம ஊர் நடவுப் பாட்டிலும் இதே முறை உண்டு. அந்தத் தாளத்தோடு புளூஸும், ராக்டைமும், ராணுவ பேண்டுகளின் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து, 1900ஐ ஒட்டிய வருடங்களில் புது இசை ஒன்று உருவானது. அதுதான் பிறகு ஜாஸ் ஆனது.

மேளத்தைக் கண்டு பயப்படுவதும், அதை அடிப்பவரைத் தள்ளி வைப்பதும் நமக்குப் புதிய கதையா என்ன? பறையின் பெயரிலிருந்து ஒரு சாதிப் பெயர், அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் ஒன்று. இன்றைக்கும் ஆங்கில அகராதியில் அதற்கு 'ஒதுக்கப்பட்டவர்' என்றுதான் பொருள்.

கச்சேரி கேட்ட காதுக்கு

"ஜாஸ் புரியலை, ஆளாளுக்கு எதையோ வாசிக்கிறாங்க" என்பது நண்பர்களின் புகார். கர்நாடகக் கச்சேரி கேட்டவருக்கு இது புரியாமல் போக நியாயமே இல்லை. கீர்த்தனையைப் பாடிவிட்டு, ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கல்பனா ஸ்வரம் பாடுகிறார்கள் இல்லையா? எங்கே சுற்றினாலும் சரியான இடத்தில் வந்து விழ வேண்டும். ஜாஸிலும் முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கற்பனை, கடைசியில் மறுபடி மெட்டு. நாம் ராகத்துக்குள் நின்று கற்பனை செய்கிறோம். அவர்கள் வரிசையாக மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகளின் மேல் நடந்துகொண்டே செய்கிறார்கள். தனி ஆவர்த்தனம் ரசிக்கத் தெரிந்தவருக்கு டிரம்ஸ் சோலோ அந்நியமாக இருக்காது.

இதை முன்பே கண்டுகொண்டவர்கள் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் 1958இல் டேவ் புரூபெக் குழு சென்னைக்கு வந்தது. அங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த அவர்களின் 'டைம் அவுட்' ஆல்பத்தில் இருப்பதுதான் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த 'டேக் ஃபைவ்'. சென்னைதான் காரணம் என்று பெருமை அடிக்க மாட்டேன். அந்த ஆல்பத்தின் இன்னொரு பாட்டுக்குத் துருக்கித் தெருவில் கேட்ட தாளமே வித்து. ஆனால் கண்ட நடை தெரிந்த காது அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

அந்தக் குழுவில் பேஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். சென்னையில் அமெரிக்காவின் தூதராக மேடை ஏறியவர். 1960இல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகள் பல, அவருக்குப் பதில் வெள்ளையர் ஒருவரை அழைத்து வரச் சொன்னன. புரூபெக் மறுத்துவிட்டார். 25 நிகழ்ச்சிகளில் 23 ரத்தாயின. வெளிநாட்டுக்குப் பெருமை காட்ட வேண்டிய கலைஞன், உள்ளூரில் மேடைக்கு ஆகாதவன்!

பெயர் யாருக்கு?

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வந்தது. வாசித்தவர்கள் வெள்ளையர் குழுவினர். அதை வெளியிட்ட விக்டர் நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது இதே நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில். இசையை உருவாக்கியவர்கள் ஒருபக்கம், முதல் இசைத்தட்டில் பெயர் போட்டுக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம்.

சதிர் ஆடிய பெண்களை இழிவாகப் பேசிவிட்டு, அதே ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று பெயர் சூட்டிக் கொண்டாடிய சமூகம் நம்முடையது. வார இறுதியில் அரங்கேற்றத்துக்கு ஹால் புக் செய்யும் நமக்கு, இந்த ஜாஸ் கதை வேறு யாருடைய கதையோ மாதிரி தோன்றக் கூடாது. இப்போது அமெரிக்கத் தமிழ் விழாக்களில் பறை ஒலிக்கிறது, நாமும் எழுந்து நின்று கைதட்டுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பறையை ஊரில் சாவு வீட்டு வாசலில் நின்று அடித்தவரை நாம் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தோமா என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம்ம பிள்ளைகள்

தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர் விஜய் ஐயர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். நம்ம வீட்டுக் கணக்குப்படி எங்கேயோ போயிருக்க வேண்டியவர், ஜாஸ் பியானோவுக்குப் போனார். 2013இல் மெக்ஆர்தர் விருது, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. சாக்ஸபோனைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து, ருத்ரேஷ் மகந்தப்பா 2008இல் 'கின்ஸ்மென்' ஆல்பம் தந்தார். மகந்தப்பா இப்போது நமக்குப் பக்கத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையை நடத்துகிறார்.

நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளின் ஜாஸ் பேண்டில் நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெற்றோர் சொல்லும் காரணம், "காலேஜ் அப்ளிகேஷனுக்கு நல்லா இருக்கும்." ஸ்கூலில் சார்லி பார்க்கரை வாசித்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டு டின்னர் பார்ட்டியில் கறுப்பினத்தவரைப் பற்றி அங்கிள்கள் அடிக்கும் கமெண்டையும் கேட்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அதற்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

அடுத்த முறை அந்த அங்கிளிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அடி வாங்கி, சிறை போய் அதைப் பெற்றுத் தந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதே அலையில் 1965இல் வந்த குடியேற்றச் சட்டம்தான், நாடு பார்த்து ஒதுக்கும் பழைய கோட்டாவை ஒழித்து ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. நம்ம விசா, கிரீன் கார்டு எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

ஜாஸ் கேட்டால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் கடன் இருப்பதாவது தெரியும். எடிசனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது நுவார்க்குக்கு. ஏர்போர்ட் ஸ்டேஷனைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.