பகைவருக்காக அழுத நாடகம்



கி.மு. 472-ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். ஏதென்ஸ் நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் மக்கள் காலையிலேயே திரண்டு அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னால், குன்றின் உச்சியில், தீயில் கரிந்த கோயில்களின் இடிபாடுகள் கிடக்கின்றன. எட்டு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 480-இல், பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் பெரும்படையுடன் வந்து அந்நகரைக் கொளுத்தினான். அதே ஆண்டில், சலாமிஸ் தீவின் அருகே நடந்த கடற்போரில் கிரேக்கர் அவனது கப்பற்படையை முறியடித்தனர். வீடிழந்தவரும் மகனை இழந்தவரும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

அன்று அவர்கள் முன் நடிக்கப்பட்ட நாடகத்தின் பெயர் ‘பாரசீகர்’. அழுது புலம்புவோர் அதில் கிரேக்கர் அல்லர், பாரசீகரே. வென்றவர் தம் பகைவரின் வீட்டுக் கண்ணீரைத் தம் நகரின் மேடையிலே கண்டனர். இதன் பொருள் என்ன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

விழாவும் அரங்கமும்

கிரேக்கரிடையே நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று. திராட்சை இரசத்தின் தெய்வமாக அவர்கள் கருதிய டயோனிசஸின் பெருவிழாவில் நாடகப் போட்டி நிகழ்ந்தது. ஆண்டுதோறும் மூன்று கவிஞர்கள் போட்டியிட்டனர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் ஒரு நகை நாடகத்தையும் அளித்தனர்.

பார்ப்போர் அமர்ந்த சரிவுக்குத் ‘தெயாத்ரான்’ என்று பெயர். பார்க்கும் இடம் என்பது அதன் பொருள். அதன் அடியில், பாடகர் குழுவினர் ஆடிப் பாடிய வெளி ‘ஒர்கேஸ்த்ரா’. அந்நாளில் இருக்கைகள் மரத்தாலானவை. நூறாண்டுக்குப் பின்னரே கல்லிருக்கைகள் அமைந்தன. அத்தகைய கல்லரங்கின் சிறப்பைக் காண விழைவோர் எப்பிதௌரஸ் என்னும் ஊருக்குச் செல்லலாம். ஏறத்தாழ 14,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கில், நடுவில் நின்று பேசுவோரின் குரல் மேல்வரிசைகளையும் எட்டுவதை இன்றும் பயணிகள் கேட்டு வியக்கின்றனர்.

நடிகர் அனைவரும் ஆடவரே. முகமூடி அணிந்து, பெண் வேடத்தையும் அவர்களே ஏற்றனர். பாடகர் குழுவுக்கு ஆகும் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்பது வழக்கம். நகருக்குச் செல்வர் ஆற்றிய இத்தகைய பொதுத்தொண்டுக்கு ‘லெயிதூர்கியா’ என்று பெயர். திருவழிபாட்டைக் குறிக்க மேலைமொழிகளில் இன்று வழங்கும் சொல் இதிலிருந்தே பிறந்தது. ‘பாரசீகர்’ நாடகத்திற்கு இத்தொண்டை ஆற்றியவர், பின்னாளில் ஏதென்ஸின் பெருந்தலைவராக விளங்கிய பெரிக்ளிஸ். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்.

அரண்மனையில் எழுந்த அழுகுரல்

கதை நிகழுமிடம் பாரசீகரின் தலைநகராகிய சூசா. எஸ்தர் நூலில் நாம் காணும் அதே நகரம். போருக்குச் சென்றோரைப் பற்றிச் செய்தி ஏதும் வாராமையால் முதியோர் கலங்கி நிற்கின்றனர். அரசனின் தாய் தீக்கனவு கண்டு அஞ்சி வருகிறாள். தூதன் ஓடி வந்து சலாமிஸின் அழிவைக் கூறி, மாண்ட தலைவர்களைப் பெயர் பெயராக அடுக்குகிறான். தந்தை டேரியஸின் ஆவி கல்லறையினின்று எழுந்து, கடல்மீது பாலம் அமைத்து இயற்கைக்கும் தெய்வத்துக்கும் சவால் விட்ட மகனின் செருக்கே இக்கேட்டிற்குக் காரணம் என்று கடிந்துரைக்கிறது. இறுதியில் செர்க்சஸ் கிழிந்த ஆடையுடன் வந்து சேர, அனைவரும் மார்பில் அறைந்து புலம்புவதுடன் நாடகம் முடிகிறது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். பாரசீகர் பலர் பெயர் சொல்லி அழைக்கப்படும் இந்நாடகத்தில், வெற்றி பெற்ற கிரேக்க வீரன் ஒருவனின் பெயரேனும் இடம்பெறவில்லை. மாண்ட பகைவனுக்குப் பெயர் உண்டு; கொன்ற வீரனுக்குப் பெயர் இல்லை.

எழுதியவர் யார்?

இதை இயற்றிய ஈஸ்கிலஸ் போரை அறியாதவர் அல்லர். கி.மு. 490-இல் மராத்தான் களத்தில் பாரசீகரை எதிர்த்து நின்றவர். அதே களத்தில் அவருடைய உடன்பிறந்தார் கினகெய்ரஸ், பகைவரின் கப்பலைப் பற்றிய கை கோடரியால் வெட்டுண்டு மாண்டார் என வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தம் உடன்பிறந்தாரைக் கொன்றோரின் தாய்மார் அழுவதை அத்தகைய ஒருவரே எழுதினார். அவ்வாண்டின் முதற்பரிசும் அவருக்கே கிடைத்தது.

இதற்கு முன்னரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.மு. 494-இல் பாரசீகர் அழித்த மிலேத்தஸ் நகரின் துயரத்தைப் பிரினிக்கஸ் என்ற கவிஞர் நாடகமாக்கினார். உறவினரின் அழிவைக் கண்ட ஏதென்ஸ் மக்கள் கதறி அழுதனர். பின்னர் அக்கவிஞருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தையும் தடை செய்தனர். தம்மவர் துயரத்தையே மேடையில் காணப் பொறாத மக்கள், பின்னர்ப் பகைவரின் துயரத்தைக் கண்டு பரிசளித்தனர். ‘இது இரக்கமன்று, வெற்றிக் களிப்பே’ என்று கூறும் அறிஞரும் உளர். களிப்பு அறவே இல்லை என்று நாமும் சொல்லோம். ஆயினும், மகனுக்காக அஞ்சும் தாயை மேடையில் நிறுத்திய பின், பார்ப்போரின் உள்ளத்தில் களிப்பு மட்டுமே நின்றிருக்கும் என்பதும் நம்பத்தக்கதன்று.

மறக்கப்பட்ட பாடம்

கி.மு. 447-இல் ஏதென்ஸ் மக்கள் அக்குன்றின்மீது பார்த்தெனான் கோயிலைக் கட்டத் தொடங்கினர். அதன் பளிங்குப் பலகைகளில், குதிரையுடல் கொண்ட செந்தோர்களும் அரக்கர்களும் தோற்று வீழும் புராணக் காட்சிகளைச் செதுக்கினர். எரிந்த பழைய கோயிலின் தூண்துண்டுகளையோ, குன்றின் வடக்கு மதிலில் வெளியே தெரியுமாறு பதித்திருந்தனர். அவற்றை இன்றும் காணலாம். தாம் பட்ட துன்பத்தை அவர்கள் மறக்கவில்லை. பிறர் துன்பத்தையோ மறந்தனர்.

கி.மு. 416-இல் மேலோஸ் என்னும் சிறு தீவு தங்களுக்குப் பணிய மறுத்ததால், ஏதென்ஸ் மக்கள் அதை முற்றுகையிட்டு வென்றனர். ஆடவரைக் கொன்றனர், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றனர். மறு ஆண்டு இளவேனிலில் யூரிப்பிடீஸ் ‘திரோயப் பெண்கள்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். வெல்லப்பட்ட நகரின் பெண்கள் அடிமைகளாக இழுத்துச் செல்லப்படும் கதை அது. பார்த்தவர்கள் அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தனர். அதே ஆண்டின் கோடையில் சிசிலித் தீவைக் கைப்பற்றப் பெரும் கப்பற்படையை அனுப்பினர். இரண்டே ஆண்டுகளில் அப்படை அடியோடு அழிந்தது. டேரியஸின் ஆவி பாரசீகருக்கு உரைத்த எச்சரிக்கை, கேட்டிருந்தவர்க்கே பலித்தது!

கிரேக்க மொழியில் நடிகனுக்கு ‘ஹுப்போக்ரித்தேஸ்’ என்று பெயர். நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது, ‘வெளிவேடக்காரர்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் இச்சொல்லே அமைந்தது. முகமூடி அணிவது மேடையில் நிற்பவன் மட்டுமன்று. அரங்கில் அமர்ந்து அழுதுவிட்டு, வீடு திரும்பியதும் நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்பவனும் முகமூடி அணிந்தவனே. வழக்கிட்டுப் பேச்சற்றுப் போன உறவினர் வீட்டில் துயரம் நேர்ந்தால், நம் உள்ளத்தில் எழுவது என்ன? ஈஸ்கிலஸ் தம் ஊராரிடம் கேட்ட வினா இதுவே. இன்று நம் குடும்பங்களும் தமக்குள் கேட்டுக்கொள்ளத் தக்கது.