பீன்ஸில் துரு நோய்: இலையை எண்ணிப் பார்த்து மருந்தடியுங்கள்

கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு கொடி பீன்ஸ் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பறிப்புதான் முடிந்திருந்தது. அதற்குள் இலைகள் தீய்ந்து, உதிரத் தொடங்கியிருந்தன. "மருந்து சுட்டுப்போச்சுங்க ஐயா" என்றார் விவசாயி. ஓர் இலையைக் கிள்ளி, அதன் அடிப்பக்கத்தை அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் தேய்த்தேன். இரும்புத் துரு போலச் செம்பழுப்புக் கறை படிந்தது. மருந்து சுட்ட இலையில் பொடி வராது. துரு நோயில்தான் வரும்.

அவர் அதற்குள் மூன்று முறை மருந்து அடித்திருந்தார். அதில் இரண்டு பூச்சி மருந்து. துருவோ பூசண நோய். பூச்சி மருந்து அதைத் தொடாது. செலவு போனதோடு, பூக்கும் முன் இருந்த நல்ல தருணமும் போய்விட்டது.

இந்த நோயை உண்டாக்கும் பூசணத்தின் பெயர் யூரோமைசிஸ் அப்பென்டிகுலேட்டஸ். முதலில் இலையில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், வெளிறிய சிறு புள்ளிகள் தோன்றும். சில நாளில் அவை கொப்புளமாகி வெடித்துப் பழுப்புப் பொடியைக் கொட்டும். பொடி முழுவதும் பூசண வித்து. காற்றிலும், வேலையாட்களின் துணியிலும் ஒட்டிப் பரவும். வெப்பம் 17 முதல் 27 டிகிரி வரை இருந்து, பனியாலோ தூறலாலோ இலை 10 மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் நோய் ஊன்றிக்கொள்ளும். மலைப் பகுதியில் இது அடிக்கடி அமையும். ஒரு சுற்று முடிய 10 முதல் 15 நாட்கள். ஆகவே பூக்கும் முன் வந்த துரு, காய் பிடிக்கும் போது பல மடங்காகிவிடும். மகசூலை அதிகம் குறைப்பதும் அதுவே.

காப்பியில் வரும் துரு பீன்ஸுக்குத் தாவுமா என்று பலர் கேட்கிறார்கள். தாவாது. அது வேறு பூசணம்.

துருவை அளக்காமல் மருந்தடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும். அளப்பது கடினமில்லை. வாரம் ஒரு நாள், பனி காய்ந்த பிறகு தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஐந்து இடங்களில் நில்லுங்கள். இடத்துக்குப் பத்து இலை வீதம் 50 இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையம் வகுத்த அளவுப்படி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கொப்புளமே இல்லையென்றால் 1. இலைப் பரப்பில் 2 சதம் மூடியிருந்தால் 3. 5 சதம் என்றால் 5. பெரிய கொப்புளங்கள் மஞ்சள் வளையத்தோடு 10 சதம் இருந்தால் 7. 25 சதம் அல்லது அதற்கு மேல் என்றால் 9.

கால்வாசி இலை மூடினாலே கடைசி எண் வந்துவிடுவதைக் கவனியுங்கள். பாதி இலை போகட்டும் என்று காத்திருப்பவருக்கு அங்கே அளக்கவே ஒன்றுமிராது. ஆனால் கண் மிகைப்படுத்தியும் காட்டும். நூறு கொப்புளத்தைப் பார்த்தால் இலையே போய்விட்டது போலத் தோன்றும். சந்தேகமிருந்தால் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இலையை வைத்து வரைந்து கட்டங்களை எண்ணுங்கள். இலை 100 கட்டம் பிடித்து, கொப்புளங்களைச் சேர்த்தால் 2 கட்டம் நிரம்புமானால் அது 2 சதம். இரண்டு முறை செய்தால் கண் பழகிவிடும்.

எண்களைக் கூட்டி 50 ஆல் வகுங்கள். 30 இலைக்கு 1, 15 இலைக்கு 3, 5 இலைக்கு 5 என்றால் கூட்டுத்தொகை 100; சராசரி 2. அடுத்த வாரம் 10 இலைக்கு 1, 20 இலைக்கு 3, 15 இலைக்கு 5, 5 இலைக்கு 7 என்றால் 180, சராசரி 3.6. நோய் ஓடுகிறது என்று பொருள்.

பூக்கும் முன்போ, பூக்கும் தருணத்திலோ 3 என்ற எண் இலைகளில் தென்பட ஆரம்பித்தால் தாமதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நன்கு நனையும்படி தெளிக்க வேண்டும். கந்தகம் புதிய வித்து முளைப்பதைத் தடுக்கும். வெடித்த கொப்புளத்தை ஆற்றாது. ஆகவே அடித்த பிறகு பழைய இலையைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாமல், புதுத் தளிரைப் பாருங்கள். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். கடைசிப் பறிப்புகளில் துரு ஏறினால் மருந்துச் செலவு வீண். காயில் மருந்தும் தங்கும். எந்த மருந்தானாலும் பறிப்புக்கு முன் விட வேண்டிய நாட்களை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறிப்பு முடிந்ததும் கொடியையும் சருகையும் அப்புறப்படுத்தி எரித்துவிட வேண்டும். பலர் மறப்பது ஊன்றுகழியை. வித்து கழியிலும் ஒட்டியிருக்கும். பழைய கழியைச் சுரண்டி வெயிலில் காய வைத்து, தக்காளி போன்ற வேறு பயிருக்கு மாற்றுவது நல்லது. அதே நிலத்தில் அடுத்த போகம் கேரட்டோ முட்டைக்கோசோ போடலாம். தெளிப்பு நீர் பாய்ச்சுவோர் மாலையில் வேண்டாம். காலையில் பாய்ச்சினால் இலை சீக்கிரம் காயும்.

செடி பீன்ஸ் போடுவோருக்கு, பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா அனூப் ரகம் துருவைத் தாங்கும். ஆனால் இந்தப் பூசணத்தில் பல இனங்கள் உண்டு. ஓர் ஊரில் தாங்கும் ரகம் வேறோர் ஊரில் தாங்காமல் போகலாம். முதல் போகத்தில் இரண்டு பாத்தி மட்டும் போட்டு, பக்கத்தில் உங்கள் பழைய ரகத்தையும் விதைத்து, இரண்டிலும் 50 இலை எண்ணிப் பார்த்த பிறகு மற்ற நிலத்துக்கு விதை வாங்குங்கள்.