மாயா ஓவியங்களின் காலத்தைக் கணித்தல்

மெக்ஸிகோ நாட்டின் சியாபாஸ் மாநிலத்துக் காட்டினுள் போனம்பாக் என்னும் பண்டைய மாயா நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. அங்குள்ள ஒரு சிறு கட்டடத்தின் மூன்று அறைகளிலும் அரசவை, போர், சடங்கு ஆகிய காட்சிகள் சுவர் முழுவதும் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. 1946-ஆம் ஆண்டில் இவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. மாயர் போரை நாடாது வானத்தையே ஆராய்ந்திருந்த மக்கள் என்று அதுவரை பலர் கொண்டிருந்த கருத்து இவ்வோவியங்களால் தளர்ந்தது. முதல் அறையில் ஒரு தேதியும் எழுதப்பெற்றுள்ளது. அது நமது கணக்கில் எந்த ஆண்டு?

நாள்களை எண்ணும் முறை

மாயர் 260 நாள் கொண்ட சடங்குச் சுற்றையும், 365 நாள் கொண்ட ஆண்டையும் இணைத்து வழங்கினர். இவ்விணைப்பு 18,980 நாள்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 52 ஆண்டுகளில், மீண்டும் வரும். பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்களைப் போன்று இதுவும் திரும்பத் திரும்ப வருவதால், இதனை மட்டும் கொண்டு காலத்தை நிச்சயிக்க இயலாது.

இக்குறையை நீக்குவது நீள் எண்ணிக்கை. இதில் ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாள்கள் எண்ணப்படுகின்றன. ஒரு நாள் 'கின்' எனப்படும். 20 கின் ஒரு 'யுயினால்'. 18 யுயினால் ஒரு 'துன்'. 20 துன் ஒரு 'காதுன்'. 20 காதுன் ஒரு 'பாக்துன்'. போனம்பாக் தேதி 9.18.0.3.4 ஆகும். 9 பாக்துன் 12,96,000 நாள். 18 காதுன் 1,29,600 நாள். 3 யுயினால் 60 நாள். இவற்றுடன் 4 நாள் சேர, மொத்தம் 14,25,664 நாள்களாகும்.

இரு கணிப்புகள்

தொடக்க நாளை அறிந்தாலன்றி இவ்வெண்ணால் பயனில்லை. குட்மன், மார்ட்டினெஸ், தாம்ஸன் ஆகியோரின் கணிப்புப்படி அது கி.மு. 3114-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமைகிறது. போனம்பாக் தேதி கி.பி. 790 டிசம்பர் ஆகிறது. ஸ்பிண்டன் என்பவரின் கணிப்போ இதனை ஏறத்தாழ 260 ஆண்டுகள் முன்னே தள்ளுகிறது. எது சரியெனக் கல்வெட்டு தானே கூறாது. வேறு சான்று வேண்டும்.

அச்சான்று குவாத்தமாலாவிலுள்ள திக்கால் நகரக் கோயில்களின் மர உத்தரங்களில் கிடைத்தது. தேதி செதுக்கப்பெற்ற சப்போட்டா மர உத்தரங்களைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது முதற்கணிப்பே வலுப்பெற்றது. 2013-இல் வெளியான நுட்பமான ஆய்வும் அவ்வாறே காட்டியது. ஆயினும் கார்பன் முறை, மரம் வளர்ந்த காலத்தைக் காட்டுமேயன்றி அது செதுக்கப்பெற்ற காலத்தைக் காட்டாது. உள்வளையம் வெளிவளையத்தினும் முந்தியது. எனவே, மாதிரி எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது.

ஆண்டில்லாத தேதி

குவாத்தமாலாவின் சான் பர்த்தோலோவில் கிடைத்த ஓவியச் சாந்துத் துண்டுகளில் '7 மான்' என்னும் நாள் காணப்படுகிறது. இது 260 நாள் சுற்றின் ஒரு நாளாதலால் ஆண்டை உணர்த்தாது. உடன் கிடைத்த கரியின் சோதனையால், இது கி.மு. 300-க்கும் 200-க்கும் இடைப்பட்டது என 2022-இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாறு, எழுத்து கூறாததைப் பொருள் கூறுகிறது.

பொருள் கொள்ளுதல்

அந்நாட்டின் ஷூல்தூன் நகரத்து அறையொன்றின் சுவரில் 177, 178 நாள் இடைவெளிகளைக் கூட்டிச்செல்லும் பட்டியல் உள்ளதென 2012-இல் அறிவிக்கப்பட்டது. அதன் கூட்டுத்தொகை 4,784 நாள். இது 162 சந்திர மாதங்களுக்குச் சமம். வகுத்தால் ஒரு மாதம் 29.5309 நாளாகும், இக்கால மதிப்பு 29.5306.

அதே ஆண்டு டிசம்பர் 21-இல் பதின்மூன்றாம் பாக்துன் நிறைவெய்தியதைக் கொண்டு உலகம் அழியும் என்ற வதந்தி பரவிற்று. ஷூல்தூன் சுவரிலோ இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நாள்களைக் குறிக்கும் எண்ணும் உளது. பதின்மூன்று பாக்துன்களோ 18,72,000 நாள்களே. ஒரு சுற்று முடிந்தால் எண்ணிக்கை தொடரும் என்பதே மாயர் கணக்கு. மறுநாளுக்குரிய குறி 13.0.0.0.1 என்பதை மாணாக்கர் தாமே எழுதிப் பார்த்தால் இவ்வச்சம் எளிதில் நீங்கும்.