மொய் நோட்டும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கும்

பசுமலையில் எங்க வீட்டு மொட்டைமாடியில் இருந்து பேசறேன். நடுவுல திருப்பரங்குன்றம் ரோட்டு பஸ் ஹாரன் வந்தா பொறுத்துக்கங்க. எழுத்தில் படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற என் சித்தி பொண்ணு போன வாரம் ஹாஸ்கெல் நோட்ஸோட வந்தா. "அண்ணே, லூப் கிடையாது, வேரியபிளை மாத்தக் கூடாதுங்கறாங்க. அப்புறம் எப்படித்தான் புரோகிராம் எழுதறது?"

நியாயமான கேள்விதான். ஆனா முதல் வருஷம் சி படிக்கும்போது 'எக்ஸ் = எக்ஸ் + 1' பார்த்தோமே, அது மட்டும் சுலபமாவா இருந்துச்சு? பத்தாம் வகுப்பு கணக்குப்படி அப்படி ஒரு எண்ணே கிடையாது. "இது சமம் இல்லப்பா, பெட்டியில் இருக்கிற மதிப்பை மாத்தறது"ன்னு சொன்னதும் தலையாட்டினோம். ஃபங்ஷனல் புரோகிராமிங் நம்மைத் திரும்பக் கணக்கு வகுப்புக்கே கூப்பிடுது. ஒரு ஃபங்ஷனுக்கு அதே இன்புட் கொடுத்தா எப்பவும் அதே அவுட்புட். எக்ஸுக்கு ஒரு மதிப்பு கொடுத்தா அது கடைசிவரை அதேதான்.

அவளுக்கு நான் எடுத்துக்கிட்ட உதாரணம் மொய் நோட்டு. ஒவ்வொரு வரியிலும் ஊர், பேர், தொகை. எழுதின வரியை யாரும் அழிச்சு மாத்த மாட்டாங்க. நாம திருப்பிச் செய்யும்போது அவங்க வீட்டு நோட்டில் புதுசா ஒரு வரி விழும், அவ்வளவுதான். மாறாத தரவுன்னா இதுதான்.

உசிலம்பட்டிக்காரங்க மொத்தம் எவ்வளவு வச்சாங்கன்னு தெரியணும். முதல்ல அந்த ஊர் வரிகளை மட்டும் பிரிக்கிறோம்: இது ஃபில்டர். அதுல தொகையை மட்டும் எடுக்கிறோம்: இது மேப். எல்லாத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கறோம்: இது ஃபோல்ட். நோட்டு அப்படியே இருக்கு, விடையும் வந்துடுச்சு.

லூப் இல்லாம எப்படிக் கூட்டறது? முதல் ஆள் வச்ச பணம், கூட்டல் மீதிப் பேரோட மொத்தம். அந்த மீதிக்கும் இதே விதி. ஆளே இல்லைன்னா பூஜ்யம். ரிகர்ஷன் அவ்வளவுதான். 'எங்க ஆரம்பிக்கணும், எத்தனை தடவை சுத்தணும்'னு யோசிக்காம, 'மொத்தம்னா என்ன'ன்னு சொல்லிட்டோம்.

"சரிண்ணே, வேலைக்கு உதவுமா?"ன்னா அடுத்து. கல்யாணத்துல கூட்டம் அதிகமானா இரண்டு மேஜை போட்டு இரண்டு நோட்டில் எழுதுவோம். கடைசியில் இரண்டு மொத்தத்தையும் கூட்டினா போதும். ஒரே நோட்டை ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தா கணக்கு குழம்பும். 2004-ல் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் வெளியிட்ட 'மேப்ரெட்யூஸ்' ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள்ல வேலையைப் பிரிச்சுக் கொடுத்தது இந்த மாதிரிதான். அந்த யோசனைக்கு மூலம் லிஸ்ப் போன்ற ஃபங்ஷனல் மொழிகள்ல இருந்த மேப், ரெட்யூஸ். 2014-ல் ஜாவா 8-லயே லாம்டா வந்துடுச்சு.

ஆனா எனக்கு இதைவிட முக்கியமான காரணம் வேற. என் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் லேப்ல, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க டகடகன்னு அடிச்சாங்க. நான் பயாலஜி குரூப். ரெக்கார்டைப் பார்த்து எழுதி, 'நமக்கு கோடிங் வராது'ன்னு இரண்டு வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன். முதல் மொழியே ஹாஸ்கெல்னா அவங்களுக்கும் புதுசு, எனக்கும் புதுசு. ஓட்டம் ஒரே கோட்டில் இருந்து தொடங்கும்.

இது வெறும் ஆசை இல்லை. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனத்துல முதல் வருஷ பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஹாஸ்கெல் வழியாவே புரோகிராமிங் சொல்லித்தர்ற வழக்கம் பல வருஷமா இருக்கு. அங்கே பாடம் எடுக்கிற மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் இருவரும் நடத்தின ஹாஸ்கெல் வகுப்புகள் என்பிடெல்-ல இலவசமாவே கிடைக்குது.

எல்லா இடத்திலும் இது ஜெயிக்கலை. 2001-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் அறிமுகப் பாடத்துல ஹாஸ்கெலுக்குப் பதில் ஜாவாவைக் கொண்டு வரப்போனப்போ, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எதிர்த்துக் கடிதம் எழுதினார். பழகும் கருவி நம் சிந்தனையையே வடிவமைக்குதுங்கறது அவர் வாதம். அப்படியும் ஜாவாதான் வந்துச்சு.

ஹாஸ்கெல்லயும் சிக்கல் உண்டு. திரையில் எழுதறது, ஃபைல் படிக்கிறதுன்னு வெளியுலகத்தைத் தொட்டதும் மோனாட்னு ஒண்ணு வந்து நிக்கும். முதல் வாரமே அதை ஆரம்பிச்சா பிள்ளைங்க ஓடிடுவாங்க. முதல்ல லிஸ்ட், ரிகர்ஷன், மேப், ஃபில்டர், ஃபோல்ட். கை பழகட்டும், மீதி அப்புறம்.

என் தங்கச்சி இப்ப வீட்டுப் பழைய மொய் நோட்டை எடுத்து டைப் பண்ணிக்கிட்டு இருக்கா. யாருக்கு இன்னும் திருப்பிச் செய்யலைன்னு புரோகிராம் சொல்லிடுமாம். சித்திக்கு அதுல பயங்கர ஆர்வம்!

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.