நல்லதைச் சொல்ல நாள் பார்க்காதீர்கள்!

குழம்பில் உப்பு குறைந்தால் உடனே சொல்கிறோம். குழம்பு நன்றாக இருந்தால்? பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறோம்!

ஆபீசிலும் இதே கதைதான். கணக்கில் பிழை வந்தால் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்புகிறார். வருடம் முழுவதும் கணக்கு சரியாக இருந்தால் யாரும் கூப்பிடுவது இல்லை.

"மனதில் நன்றி இருக்கிறது. அதை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஓர் உண்மைச் சம்பவம்.

ஏழைச் சிறுவன்

ஆப்பிரிக்காவின் வடக்கே அல்ஜீரியா என்ற நாடு இருக்கிறது. 1962-ம் ஆண்டு வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே அல்ஜியர்ஸ் நகரில் ஓர் ஏழைச் சிறுவன் வளர்ந்தான். அவன் பெயர் ஆல்பெர் காம்யு.

தந்தை 1914-ல் உலகப் போரில் காயம் அடைந்து இறந்துபோனார். தாயாருக்குக் காது சரியாகக் கேட்காது. எழுதப் படிக்கவும் தெரியாது. பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

பையன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று பாட்டி நினைத்தார். ஆனால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன் விடவில்லை. பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். காசு வாங்காமல் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பையன் உபகாரச் சம்பளப் பரீட்சையில் தேறினான். 1924-ல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

பரிசும் கடிதமும்

33 ஆண்டுகள் ஓடின. அந்தச் சிறுவன் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். 1957-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 19-ந் தேதி, அவர் தமது பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். பரிசுச் செய்தி வந்ததும் தாயாரை நினைத்ததாகவும், அடுத்து நினைத்தது ஆசிரியரைத்தான் என்றும் எழுதினார். கடிதம் சிறியதுதான். ஆனால் ஆசிரியர் செய்த உதவி அத்தனையும் அதில் இருந்தது. பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவு நூலாக வந்தது. அதையும் அந்த ஆசிரியருக்கே காணிக்கை ஆக்கினார்.

1960 ஜனவரி 4-ந் தேதி காம்யு கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. "அப்புறம் எழுதலாம்" என்று கடிதத்தைத் தள்ளிப் போட்டிருந்தால்?

கூச்சம் ஏன்?

பலரைத் தடுப்பது கூச்சம்தான். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இது தெரிந்தது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், "படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ?" என்று எண்ணினார்கள். அவ்வளவு சங்கடம் ஏற்படவில்லை. அவர்கள் நினைத்ததைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது!

எப்படிச் சொல்வது?

பெற்ற தாய்க்கு "நன்றி" சொல்வது அன்னியமாகப் படலாம். அந்தச் சொல்லே வேண்டாம். "அம்மா, இன்னைக்கு ரசம் ரொம்ப நல்லா இருந்தது" என்றால் போதும். அவர் முகம் மலர்வதைப் பாருங்கள்.

பொதுவாகப் புகழாதீர்கள். அது முகஸ்துதி ஆகிவிடும். செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "மழையிலும் நேரத்துக்கு வந்து கடை திறந்தாயே" என்று முதலாளி சொன்னால், அந்தப் பையன் அதை மறக்கமாட்டான்.

ஆனால் ஒன்று. பாராட்டு கூலிக்கு ஈடு ஆகாது. கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுங்கள்.

உங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர், வேலை பழக்கியவர், தினமும் சோறு போடுகிறவர் — யாராவது ஒருவர் நினைவுக்கு வருகிறாரா? பொழுது சாய்வதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள்!