தூர் வரை இறங்குகிறதா ட்ரோன் மருந்து?

நெல்லில் புகையான் விழுந்தால் பூச்சி இருப்பது இலை நுனியில் அல்ல, தண்ணீரை ஒட்டிய தூரில். தலைக்கு மேல் பறக்கும் ட்ரோன் தெளித்த மருந்து அங்கே போய்ச் சேர்ந்ததா? கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் கலவை அடித்த இடத்தில் ட்ரோன் பெரும்பாலும் 10 லிட்டரோடு முடித்துவிடுகிறது. தண்ணீர் குறையக் குறைய, ஒவ்வொரு துளியும் எங்கே விழுகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

இதைச் சோதிக்க நீர் உணர் தாள் என்ற மஞ்சள் அட்டை போதும். ஈரம் பட்ட இடம் கருநீலமாகிவிடும். வியர்த்த விரல் பட்டாலும் கறை விழும் என்பதால் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பனி இறங்கும் நேரத்தில் வைத்தால் அட்டை தானாகவே நீலமாகிக் கெட்டுப்போகும்.

பறக்கும் பாதைக்குக் குறுக்கே அரை மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் உச்சி, நடு, தூர் என மூன்று உயரங்களில் அட்டையைச் செருகுகிறார்கள். டேங்கில் வெறும் தண்ணீரே போதும். காய்ந்த அட்டையை ஸ்கேன் செய்தால் மென்பொருள் புள்ளிகளை எண்ணிவிடும். பூதக்கண்ணாடி வைத்தும் எண்ணலாம். சதுர சென்டிமீட்டருக்குப் பூச்சிக்கொல்லி என்றால் 20 முதல் 30 துளி, பூஞ்சணக்கொல்லி என்றால் 50 முதல் 70 என்பது வழக்கமான கணக்கு.

எண்ணிக்கையோடு அளவையும் பார்க்க வேண்டும். 200 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் மருந்து, 100 மைக்ரான் துளிகள் எட்டில் இருப்பதற்குச் சமம். சின்னத் துளி அதிக இடத்தை நனைக்கும், உண்மைதான். ஆனால் 100 மைக்ரான் துளி 3 மீட்டர் இறங்கச் சுமார் 10 விநாடி எடுக்கும். அதற்குள் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடலாம். அட்டையில் தெரியும் கறை, துளியைவிட ஏறத்தாழ இரு மடங்கு அகலம். கறையின் அகலத்தை அந்த விகிதத்தால் வகுத்துத்தான் உண்மையான அளவைக் கணக்கிடுகிறார்கள்.

ஏக்கருக்கு எத்தனை நிமிடம் என்று பேசி வாடகை கேட்பவரிடம், ஒரு வரிசை அட்டையும் வைத்துக் காட்டச் சொல்வது விவசாயியின் உரிமை. வரிசையின் மையத்தில் உள்ள அட்டைகள் நனைந்து ஓரத்தில் புள்ளி குறைந்திருந்தால், பாதைகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தூர் அட்டை மஞ்சளாகவே இருந்தால் வேகம், உயரம், நாசில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி மறுபடி பறக்கவிட வேண்டும். காற்று போகும் திசையில் வரப்பைத் தாண்டியும் சில அட்டைகளை வைப்பது அவசியம். பக்கத்து வயலுக்கும் குளத்துக்கும் எவ்வளவு மருந்து போகிறது என்பதை அவைதான் காட்டும்.